தனியாக வருபவருக்கும் ஒரு நாற்காலி: விளையாட்டுக் குழு நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாரந்தோறும் மாதந்தோறும் ஆட்களைக் கூட்டிச் சீட்டும் பகடையும் காயும் விளையாட வைக்கும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் செய்கிற வேலை எளிதல்ல. மேசை போடுவது, நாற்காலி எண்ணுவது, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு குறைகிறதா என்று பார்ப்பது, வந்தவர் எண்ணிக்கை நான்கால் வகுபடாமல் போனால் யாரை எங்கே உட்கார வைப்பது என்று யோசிப்பது, எல்லாம் உங்கள் தலையில்தான். சம்பளம் கிடையாது. ஏதாவது குறை வந்தால் மட்டும் உங்களைத் தேடுவார்கள். அதற்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

பல குழுக்களில் ஒரே கதையைப் பார்க்கிறேன். தொடங்கியபோது கூடம் நிறைய ஆட்கள். அரை வருஷம் கழித்துப் போனால் எட்டுப் பேர். அதே எட்டுப் பேர், அதே மேசை, அதே ஜோடி. மற்றவர்கள் எங்கே என்று கேட்டால், "அவங்களுக்கு ஆர்வம் இல்லை" என்று பதில் வருகிறது. ஆர்வம் இல்லாதவர் முதல் நாளே வந்திருக்க மாட்டார். வந்தவர் திரும்பிப் போனதற்குப் பெரும்பாலும் அன்று மேசையில் போட்ட ஆட்டம்தான் காரணம்.

என் கோரிக்கை இதுதான். எந்த ஆட்டம் போடுவது என்பதை, நன்றாக ஆடத் தெரிந்தவர்களை மனதில் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல்முறையாக, துணை இல்லாமல், விதி ஒன்றும் தெரியாமல் வாசலில் வந்து நிற்பவரை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள். கெட்டிக்காரர்கள் எந்த ஆட்டத்திலும் தங்களுக்கு இடம் பிடித்துக்கொள்வார்கள்.

பகடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பகடைக்குத்தான் குழுக்களில் மரியாதை குறைவு. "வெறும் அதிர்ஷ்டம்தானே, இதில் என்ன மூளை வேண்டும்?" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பங்கோ என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பன்னிரண்டு பேர், மூன்று மேசை, மேசைக்கு இரண்டு ஜோடியாக நான்கு பேர், மூன்று பகடை. முதல் சுற்றில் எல்லோரும் ஒன்று விழ வேண்டும் என்று உருட்டுகிறார்கள், இரண்டாம் சுற்றில் இரண்டு, இப்படி ஆறு வரை. விழ வேண்டிய எண் ஒரு பகடையில் விழுந்தால் 1 புள்ளி. மூன்றிலும் அதே எண் விழுந்தால் அதுதான் பங்கோ, 21 புள்ளி. மூன்றிலும் வேறு ஏதாவது ஒரே எண் விழுந்தால் 5 புள்ளி. புள்ளி கிடைக்கும் வரை உருட்டிக்கொண்டே இருக்கலாம், கிடைக்காவிட்டால் பகடை அடுத்தவர் கைக்குப் போகும். மூன்றில் ஒன்று தலைமை மேசை, அதில் யாராவது 21 தொட்டதும் மணி அடிப்பார்கள். மூன்று மேசையும் அந்த இடத்திலேயே நிற்கும். அப்புறம் வென்றவர், தோற்றவர் கணக்குப்படி ஆட்கள் மேசை மாறுகிறார்கள், ஜோடியும் மாறுகிறது. குழுவுக்குக் குழு விதியில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, ஆனால் ஆட்டத்தின் உயிர் இதுதான்.

இந்த அமைப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு மாலைக்குள் புதிதாக வந்தவர் அறையில் உள்ள பெரும்பாலானவர்களோடு ஒரு தடவையாவது ஒரே மேசையில் உட்கார்ந்துவிடுகிறார். யாரும் "என்னோடு ஜோடி சேருங்கள்" என்று கேட்கத் தேவையில்லை, மணியே சேர்த்து வைக்கிறது. மூன்று பகடையை ஒரு முறை உருட்டும்போது விழ வேண்டிய எண் ஒன்றிலாவது விழ 216-க்கு 91 வாய்ப்பு, அதாவது சுமார் 42 சதவீதம். முப்பது வருஷமாக ஆடுபவருக்கும் அதே 42தான், அன்று வந்தவருக்கும் அதே 42தான். உருட்டும் கைக்கு யோசனை தேவையில்லாததால் வாய் சும்மா இருக்கிறது, பேச்சு தானாக வருகிறது. அறிமுகமில்லாத ஆட்களை ஒன்றுசேர்க்க இதைவிட நல்ல ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அறிவை வளர்க்கவில்லை என்ற குறையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயர் தெரியாத ஒருவரோடு பத்து நிமிஷத்தில் சிரித்துப் பேச வைப்பது பெரிய காரியம்.

பன்னிரண்டு பேர் வரவில்லை என்றால் எட்டுப் பேரோடு இரண்டு மேசை போடுங்கள். ஒருவர் குறைந்தால், இல்லாத ஆளுக்கும் சேர்த்து அவருடைய ஜோடியே உருட்டட்டும். ஆள் குறைகிறது என்பதற்காக யாரையும் ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள்.

யாட்ஸி என்ற ஆட்டத்தில் ஐந்து பகடை. அதிலும் அதிர்ஷ்டம் இருக்கிறது, ஆனால் அங்கே கொஞ்சம் கணக்கும் வேண்டும். ஒரு முறைக்கு மூன்று தடவை உருட்டலாம், எதை வைத்துக்கொள்வது, எதை மறுபடி உருட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும், புள்ளித்தாளில் முறைக்கு ஒன்றாகப் பதின்மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். நல்ல ஆட்டம். ஆனால் எட்டுப் பேரை ஒரே மேசையில் உட்கார வைத்து ஆடச் சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எட்டுப் பேருக்கும் பதின்மூன்று முறை என்றால் மொத்தம் 104 முறை. ஒருவர் ஆடிவிட்டு மற்ற ஏழு பேர் ஆடும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் அவர் கைபேசியை எடுத்துவிடுவார். மேசைக்கு மூன்று பேர், அதிகபட்சம் நான்கு பேர். இன்னொரு செட் பகடை வாங்குவது பெரிய செலவே இல்லை.

இனி சீட்டு. இங்கேதான் அதிகம் பேர் காயப்பட்டுப் போகிறார்கள்.

நான்கு பேர் இரண்டு ஜோடியாக ஆடும் பிரிட்ஜ் ஆட்டத்தை நான் மதிக்கிறேன். இன்று நாம் ஆடும் காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு ஹெரால்டு வாண்டர்பில்ட் 1925-இல் புள்ளிக் கணக்கை வகுத்தார். ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடவைத்து ஒப்பிடும் டூப்ளிகேட் முறை, அதிர்ஷ்டத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிடுகிறது. வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொள்ள அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் புதியவருக்கு அது எப்படி இருக்கிறது? எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்பதற்கே தனிப் பாஷை. ஜோடிக்குச் சைகை காட்டக் கூடாது, ஆட்டத்தின் நடுவே பேசக் கூடாது. நீங்கள் தப்பாக ஒரு சீட்டு போட்டால் எதிரே இருப்பவரும் சேர்ந்து தோற்கிறார். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒருவர் தன் சீட்டுகளை விரித்து வைத்துவிட்டு, தன் ஜோடி சொல்லும் சீட்டை எடுத்துப் போடுவதோடு சரி என்று உட்கார்ந்திருக்க வேண்டும். இது பழகியவருக்கு இளைப்பாறல், பழகாதவருக்குத் தண்டனை.

நான் போய்வந்த ஒரு குழுவில் ஒரு பெண்மணி புதிதாக வந்தார். சீட்டு தெரியும் என்று சொன்னதால் நேராகப் பிரிட்ஜ் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எதிரே இருந்தவர், "இதை ஏன் போட்டீங்க? அந்தத் துருப்பு கையில இருந்துச்சே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சொல்லிக் கொடுப்பதாகவே நினைத்துக் கேட்டார். பக்கத்தில் இருந்தவரும் தன் பங்குக்குத் திருத்தினார். அந்தப் பெண்மணி மாலை முடியும் வரை பொறுமையாக இருந்து, எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வரவேயில்லை. அவரை அங்கே உட்கார வைத்தவர்கள் இதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

பிரிட்ஜை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள், கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குத் தனி வகுப்பு வையுங்கள். எல்லோரும் வரலாம் என்று அழைத்த மாலையில் அதை மட்டும் போடாதீர்கள்.

அப்படிப்பட்ட மாலைக்கு ஹார்ட்ஸ் நன்றாகப் பொருந்தும். நான்கு பேர், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, ஜோடி கிடையாது. ஹார்ட்டின் சீட்டு ஒவ்வொன்றும் 1 புள்ளி, இஸ்பேட் ராணி 13 புள்ளி. புள்ளி வாங்காமல் தப்பிப்பதுதான் ஆட்டம். தப்புச் செய்தால் தன் தலையில் மட்டும் விழும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ரம்மியும் அப்படித்தான், சேர்ப்பதும் கழிப்பதும் ஒருவருடைய சொந்தப் பாடு. ரம்மியில் வரும் சண்டையெல்லாம் விதியைப் பற்றித்தான். ஒருவர் பழகியதில் ஜோக்கர் வேறு மாதிரி, இன்னொருவர் பழகியதில் கீழே போட்ட சீட்டை எடுக்கும் முறை வேறு மாதிரி. அதனால் உங்கள் குழுவின் விதிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசை நடுவே வையுங்கள். சரியான விதி எது என்ற வாதம் தேவையில்லை, இந்த மேசையின் விதி எது என்று தெரிந்தால் போதும்.

ஜோடியாக ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு கனாஸ்டா இருக்கிறது. உருகுவேயின் மாண்டெவிடியோவில் 1939-இல் பிறந்த ஆட்டம். இரண்டு கட்டும் நான்கு ஜோக்கரும் சேர்த்து 108 சீட்டு. ஒரே மதிப்புள்ள சீட்டுகளை ஏழாகச் சேர்த்தால் ஒரு கனாஸ்டா. ஜோடி சேர்த்தது எல்லாம் மேசைமேல் கண்ணெதிரே கிடப்பதால், எதிரே இருப்பவரின் மனதைப் படிக்க வேண்டிய கஷ்டம் பிரிட்ஜ் அளவுக்கு இல்லை. பேசிக்கொண்டே ஆடலாம்.

சீட்டு கலைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் 1992-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 52 சீட்டுள்ள கட்டை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று விழும்படி கலைத்தால், நன்றாகக் கலைய ஏழு முறை வேண்டும். நம்மில் பலர் இரண்டு முறையோடு நிறுத்திவிட்டு, பழைய ஆட்டத்தின் வரிசையே திரும்ப வருகிறது என்று புலம்புகிறோம். விரல் மூட்டு வலிப்பவர்களால் அப்படிக் கலைக்க முடியாது. அவர்கள் சீட்டுகளைக் கவிழ்த்து மேசையில் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் அளைந்து கலைக்கட்டும். அவசரப்படுத்தாமல் போதுமான நேரம் அளைந்தால் நன்றாகவே கலையும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரல் வலிப்பவர்களைப் பற்றிச் சொல்லும்போது காய் ஆட்டங்கள் நினைவுக்கு வருகின்றன. பதின்மூன்று சீட்டை விசிறிபோல் விரித்து ஒரே கையில் பிடித்திருப்பது எல்லோராலும் முடியாது. சீன ஆட்டமான மாஜோங்கின் காய்களும் டோமினோ காய்களும் தாமாகவே நிற்கும், எண் காய்களை ரம்மிபோல் சேர்க்கும் ரம்மிகப்பில் காய்களை நிறுத்தி வைக்க ஆளுக்கொரு தாங்கி உண்டு. எதையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். சீட்டை விட்டுவிட்ட ஒருவர் காய் ஆட்டத்துக்கு வந்ததும் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். டோமினோவில் புள்ளிகள் குழிந்திருப்பதால் பார்வை மங்கியவர்கள் விரலால் தடவியே எண்ணிவிடுவார்கள்.

டோமினோவைக் குழந்தை விளையாட்டு என்று நினைப்பவர்கள் நான்கு பேர் ஜோடி ஜோடியாக ஆடும் ஆட்டத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு காயின் இரண்டு பாதியிலும் ஓர் எண் புள்ளிகளாக இருக்கும். இரட்டை ஆறு வரை உள்ள செட்டில் 28 காய். நான்கு பேருக்கும் ஏழு ஏழாகப் பிரித்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எண்ணும் ஏழு காய்களில் வரும். மேசையில் மூன்று என்ற எண் உள்ள காய் ஐந்து கிடக்கிறது, என் கையில் ஒன்று இருக்கிறது, அப்படியென்றால் மிச்சம் ஒன்று யாரிடமோ இருக்கிறது. வலப்பக்கத்துக்காரர் போன முறை மூன்றுக்குப் போட முடியாமல் விட்டார், ஆகவே அவரிடம் இல்லை. இப்படி யோசித்து ஆடுபவருக்கு அது சதுரங்கம் போல ஆழமானது. யோசிக்காமல் புள்ளிக்குப் புள்ளி சேர்த்துப் போடுபவரும் அதே மேசையில் சந்தோஷமாக ஆடலாம். ஒரே மேசையில் இரண்டு வகை ஆட்களும் உட்காரக் கூடிய ஆட்டங்கள் ரொம்பக் குறைவு. ஆட்கள் அதிகம் என்றால் மெக்சிகன் டிரெயின் என்ற டோமினோ ஆட்டத்தைப் போடுங்கள். இரட்டைப் பன்னிரண்டு வரை உள்ள 91 காய் செட் இருந்தால் எட்டுப் பேர் வரை ஆடலாம்.

ரம்மிகப்பில் மேசைமேல் கிடக்கும் வரிசைகளை யார் வேண்டுமானாலும் கலைத்து மாற்றி அடுக்கலாம். அதுதான் அதன் சுவை, அதுதான் அதன் தொல்லையும். சிலர் அரை மணி நேரம் யோசிப்பார்கள் போல இருக்கும். ஒரு முறைக்கு ஒரு நிமிஷம் என்று விதியிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் புதியவருக்கு முதல் மாலையில் அந்த நிமிஷக் கணக்கு வேண்டாம்.

மாஜோங் போடுவதாக இருந்தால் எந்த மாஜோங் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சீன முறைக்கு 136 காய், பூக்கள், பருவங்கள் என்ற தனிக் காய்களும் சேர்ந்தால் 144. அமெரிக்க முறைக்கு ஜோக்கரோடு 152, அதற்கு மேல் 1937-இல் தொடங்கிய நேஷனல் மாஜோங் லீக் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டையில் உள்ள அமைப்புகளைத்தான் சேர்க்க வேண்டும். ஜப்பானிய முறை இன்னொன்று. ஒன்றைக் கற்று வந்தவர் மற்றொன்றின் மேசையில் உட்கார்ந்தால் ஒன்றும் புரியாது. "மாஜோங் தெரியும்" என்று சொன்னவரையே எல்லோர் முன்னும் தெரியாதவர் ஆக்கிவிடும்.

எந்த ஆட்டமானாலும் கற்றுக்கொடுக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். விதி முழுவதையும் முதலிலேயே ஒப்பிக்க வேண்டாம். முதல் ஆட்டத்தை எல்லோரும் தங்கள் சீட்டையோ காயையோ மற்றவர் பார்க்கும்படி திறந்து வைத்து ஆடட்டும். புள்ளி எழுத வேண்டாம். ஒரு மேசைக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர்தான், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பதை நீங்கள் சொல்லிவிடுங்கள், ஆடுபவர்களே ஒருவரையொருவர் அப்படி அடக்க முடியாது. முடிந்த ஆட்டத்தை அலசுவது வேண்டவே வேண்டாம். கேட்டால் சொல்லலாம்.

நிறங்களையும் கவனியுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியச் சிரமப்படும் ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். சிவப்பு, ஆரஞ்சு எண்கள் உள்ள காய்களில் அவர்கள் திணறுவார்கள், வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். எண்ணும் உருவமும் பெரிதாக அச்சான சீட்டுக்கட்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். இஸ்பேட்டும் கிளாவரும் வேறு வேறு நிறத்தில் வரும் நான்கு நிறக் கட்டும் கிடைக்கிறது. பகடை உருட்ட உள்ளே துணி ஒட்டிய தட்டு இருந்தால் சத்தம் குறையும், காது கருவி வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

பணம் வைத்து ஆடுவதைப் பற்றி எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. வேண்டாம். சில்லறைதானே என்பார்கள். தொகை சின்னதாக இருந்தாலும் மேசையில் பணம் வந்ததும் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது தனக்கே நஷ்டம் என்று ஆகிவிடுகிறது. கையில் பணம் இல்லாதவர் காரணம் சொல்லாமல் நின்றுவிடுகிறார். சூதால் வீட்டில் அடிபட்ட ஒருவர் உங்கள் குழுவில் இருக்கக் கூடும், அவர் அதை உங்களிடம் சொல்ல மாட்டார். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் குழுவே வாங்கிக் கொடுக்கட்டும், அதிகம் தோற்றவருக்கும் ஒன்று இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். "நினைவாற்றல் கூடும், மறதி நோய் வராது" என்று எழுதி ஆட்களை அழைக்காதீர்கள். ஜோ வெர்கீஸும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பலகை விளையாட்டு, வாசிப்பு, இசைக்கருவி, நடனம் போன்றவற்றில் ஈடுபட்டவர்களிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் விளையாட்டுதான் நோயைத் தடுத்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. மறதி தொடங்கியவர்கள் தாமாகவே விளையாட்டைக் குறைத்துக்கொண்டிருக்கவும் கூடும். மருந்து என்று நம்பி வருபவர் சீட்டு மறந்துபோகும் ஒவ்வொரு முறையும் பயப்படுவார். மாலைப் பொழுது நன்றாகப் போகும், நாலு பேரோடு பேசலாம் என்று அழையுங்கள். அது உண்மை.

அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் அனுப்பும் அறிவிப்பில் "விளையாட்டு மாலை" என்று மட்டும் போடாமல் நான்கு விஷயம் சேருங்கள்: என்னென்ன ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எந்த மேசையில் சொல்லிக்கொடுக்கப்படும், துணையில்லாமல் வரலாமா. முதல் அரை மணி நேரம் ஜோடி மாறும் பகடை ஆட்டம், அதன் பிறகு விரும்பியவர் விரும்பிய மேசை. ஒரு மேசையிலாவது ஜோடி தேவைப்படாத ஆட்டம். மூன்று மாதம் இப்படி நடத்திப் பாருங்கள். அதற்கு முன்பாக, ஒரு தடவை வந்துவிட்டு நின்றுபோனவர்களின் பெயர்கள் பழைய வருகைத் தாளில் இருக்கும். அவர்களுக்குப் போன் போட்டு, இந்த முறை எப்படி நடக்கப்போகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மேசைகளில் ஆடும் ஒருவர்